படைவீடும் பருவமும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ளது படவேடு. இன்று ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படும் இவ்வூரின் பழைய பெயர் படைவீடு. படை தங்கி ஆயத்தமாய் இருக்கும் இடம் என்பது பொருள். ஆயத்த நிலையே ஓர் ஊருக்குப் பெயராகியிருக்கிறது.

ஆயத்தத்தையும் தக்க தருணத்தையும் சுட்டும் ஆங்கிலப் பெயரடைகளின் வேர்களைப் பார்த்தால் அவை இரு குடும்பங்களாகப் பிரிகின்றன. 'ரெடி' என்பதைச் சவாரியைக் குறிக்கும் 'ரைட்' என்ற சொல்லோடு உறவுபடுத்துவர் சொல்லாய்வாளர். பயணத்துக்கு ஒழுங்கு செய்யப்பட்டது என்பது அதன் கருத்து. 'ப்ராம்ப்ட்' என்பதன் இலத்தீன் வேர், உள்ளே வைத்ததை வெளியே எடுத்து முன்வைத்தலைக் குறிக்கும். இவ்விரண்டும் மனித முயற்சியைச் சேர்ந்தவை.

'ஆப்பர்ச்சூன்' அப்படியன்று. 'துறைமுகத்தை நோக்கி' என்ற இலத்தீன் தொடரிலிருந்து பிறந்த அச்சொல், கலத்தைக் கரைசேர்க்கும் காற்றைக் குறித்தது. 'சீசனபிள்' என்பதில் உள்ள 'சீசன்' விதைத்தலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழில் நாம் 'பருவம்' என்பதும் இதற்கு நெருக்கமானதே. காற்றும் பருவமும் நம் ஏவலுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

படைவீட்டின் வரலாறு இவ்விரு குடும்பங்களுக்கும் இடையே நிகழ்ந்தது. சோழருக்குக் கீழ்ப்பட்ட குறுநிலத் தலைவர்களாக இருந்த சம்புவராயர், 1279-ஐ ஒட்டிச் சோழராட்சி முடிந்ததும் பாண்டியரின் மேலாண்மையை ஏற்க நேர்ந்தது. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு பாண்டியரைக் குலைத்தது. காற்று திரும்பிற்று. தொண்டை மண்டலத்தில் சம்புவராயர் தன்னாட்சி கொண்டனர். 'வென்று மண்கொண்டார்' என்று ஒருவர் பட்டமே சூடினார்.

அந்தக் காற்று நெடுங்காலம் வீசவில்லை. 14-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் விஜயநகரப் புக்கரின் மகன் குமார கம்பணர் தெற்கே வந்து சம்புவராயரை வென்றார். பின்னர் மதுரை நோக்கிச் சென்றார். அவர் மனைவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய 'மதுரா விஜயம்' இவ்வெற்றிகளைப் பாடுகிறது. படைவீட்டில் படை இல்லாமற்போகவில்லை, பருவம் மாறிவிட்டது.

திருக்குறளின் காலமறிதல் அதிகாரம் கொக்கை உவமையாக்குகிறது. அசையாது காத்திருத்தலும் வேளை வந்ததும் குத்துதலும் அதற்கு ஒரே திறமையின் இரு பக்கங்கள். ஆங்கிலம் இரு குடும்பங்களாகப் பிரித்து வைத்ததை வள்ளுவர் ஒரு பறவையிடம் சேர்த்துக் கண்டார். சம்புவராயர் அதன் முதற்பாதியை ஊர்ப்பெயராக விட்டுச் சென்றனர். மக்கள் நாவில் அதுவும் தேய்ந்து இன்று படவேடு ஆகிவிட்டது.