மூன்று நாள் ரோமும் ஆயிரம் ஆண்டு வழிகாட்டிகளும்

பயணம் முடிவானதும் முதலில் வருவது மகிழ்ச்சி. அடுத்து வருவது கணக்கு. எங்கள் நால்வருக்கும் இதுவே முதல் அயல்நாட்டுப் பயணம். விடுப்பும் சேமிப்பும் சேர்ந்து அனுமதித்தவை ஐந்து நாட்கள். போக்குவரத்துக்கு ஆகும் நேரத்தைக் கழித்தால், ரோம் நகரில் எங்கள் கையில் எஞ்சுபவை வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்றே நாட்கள். எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர். முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையில் ரோமின் ஏழு குன்றுகளை வரைந்து காட்டியவர். அவற்றுள் ஒன்றின்மீதும் ஏறியதில்லை. இப்போது முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்கும் வசதி அவருக்கு இல்லை. உண்மையைச் சொன்னால், எங்களுள் எவருக்குமே இல்லை.

ஆகவே திட்டம் வகுக்க அமர்ந்ததும் வாக்குவாதம் எழுந்தது. காலை ஒன்று, மாலை ஒன்று என ஆறு வேளைகளும் வழிகாட்டியுடன் சுற்றிவிட்டால் எதுவும் விடுபடாது என்றார் ஒருவர். இத்தனை ஆண்டுகள் படித்தவர்களுக்கு வழிகாட்டி எதற்கு என்று கேட்டார் இன்னொருவர். தீர்ப்புச் சொல்ல ஆளில்லாததால் வழக்கம்போல் வரலாற்றையே கேட்டோம். இந்த வழக்கு ரோமில் ஏறத்தாழ 1200 ஆண்டுகளாக நடந்துவருகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புலப்பட்டது!

வலமும் இடமும்

சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடாலயத்தில் பழைய இலத்தீன் சுவடி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. கி.பி. 800ஐ ஒட்டிய காலத்து ரோம் நகரின் நடைவழிகள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. இன்ன வாயிலில் புறப்பட்டு இன்ன இடம்வரை நடந்தால் வலப்புறம் எவை வரும், இடப்புறம் எவை வரும் என்பதே அதன் அமைப்பு. விரித்த சுவடியின் இடப்பக்கத்தில் இடப்புறக் கட்டடங்களும் வலப்பக்கத்தில் வலப்புறக் கட்டடங்களும் எழுதப்பட்டுள்ளன. தேவாலயங்களோடு பாந்தியன் பேராலயம், டிராஜனின் மன்றம், அவன் எழுப்பிய தூண் ஆகியவையும் இடம்பெறுகின்றன. நகர மதிலைப் பற்றிய குறிப்பும் அதே சுவடியில் உண்டு. கோபுரங்களை 383 என்று எண்ணிய கை, மதிலில் இருந்த கழிப்பிடங்களையும் விடாமல் எண்ணியிருக்கிறது. வெளியூர் போனவர்களுக்கு அந்த எண்ணிக்கையின் அருமை தெரியும்.

பரிசில் பெற்று மீண்டவன் எதிர்ப்படுபவனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஐன்சீடெல்ன் சுவடியோ புகழ்ச்சியும் வருணனையும் அறவே இல்லாத ஆற்றுப்படை. எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அவசரக்காரர்களின் நகரம்

1300ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாக அறிவித்தார் எட்டாம் போனிஃபாஸ் போப்பாண்டவர். புனித பேதுரு, புனித பவுல் பேராலயங்களை ரோம்வாசிகள் முப்பது நாட்களும் வெளியூரார் பதினைந்து நாட்களும் தரிசிக்க வேண்டும் என்பது விதி. தொலைவிலிருந்து வருபவனுக்கு நேரம் குறைவு என்பதை அந்த விதியே ஒப்புக்கொண்டது. ஆயினும் கூட்டத்துக்கு நகரம் ஆயத்தமாக இருக்கவில்லை. 1450ஆம் ஆண்டு யூபிலியின்போது டைபர் ஆற்றின்மீதுள்ள சாந்த் ஆஞ்செலோ பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின்பே பாலத்தை அடைத்திருந்த கடைகள் அகற்றப்பட்டன.

1585 முதல் 1590 வரை பதவியிலிருந்த ஐந்தாம் சிக்ஸ்டஸ், முக்கியமான தேவாலயங்களை இணைக்கும் நேரான சாலைகளை வெட்டுவித்தார். பண்டைய ரோமானியர் கொணர்ந்த ஊசித்தூண்களுள் நான்கு, 1586க்கும் 1589க்கும் இடையில் அவர் ஆணையால் முக்கிய இடங்களில் நிறுத்தப்பட்டன. மொழி தெரியாத யாத்திரிகன்கூடத் தொலைவில் தெரியும் தூணை நோக்கி நடந்தால் போதும். சேரவேண்டிய இடம் வந்துவிடும். இன்று அங்கே செல்லும் பயணி, தான் அறியாமலேயே சிக்ஸ்டஸின் கைபிடித்துத்தான் நடக்கிறான்.

குதிரைவீரன் கதை

வழி காட்டுவது ஒன்று. கதை சொல்வது வேறொன்று. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த 'மிராபிலியா' என்னும் சிறுநூல் ரோமின் அதிசயங்களைக் கதைகளோடு அடுக்கியது. பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் குதிரைமேல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை அப்போது லாத்தரன் அரண்மனை அருகே நின்றது. அதை முதல் கிறித்தவப் பேரரசரான கான்ஸ்டன்டைனின் சிலை என மக்கள் நம்பினர். அது உருக்கப்படாமல் பிழைத்ததற்கு இந்தத் தவறான நம்பிக்கையே காரணம் என்பர். மிராபிலியாவோ அந்த நம்பிக்கையை மறுத்து வேறொரு கதை சொல்கிறது. ரோமை முற்றுகையிட்ட கீழ்த்திசை மன்னன் ஒருவன் இரவுதோறும் ஒரு மரத்தடிக்கு இயற்கைக் கடன் கழிக்க வருவானாம். அவன் வரும்போதெல்லாம் ஓர் ஆந்தை அலறுமாம். அதைக் குறியாகக் கொண்டு அவனைப் பிடித்துவந்த வீரனின் நினைவுச்சின்னமே அச்சிலையாம். சான்று? குதிரையின் தலையில் ஆந்தை அமர்ந்திருக்கிறதே! உண்மையில் அது முடிந்துவிடப்பட்ட நெற்றிமயிர்.

கட்டடக்கலை மேதை பல்லாடியோ இந்நூல் விசித்திரமான பொய்கள் நிறைந்தது என்று சாடிவிட்டு, 1554இல் ரோமின் தொல்சின்னங்கள் பற்றிச் சிறிய கையேடு ஒன்றை வெளியிட்டார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது பலமுறை அச்சேறியது. ஆனால் மிராபிலியாவை வெறும் பொய்யென்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. சிலையின் பெயரை மறந்த ஊர், சிலையை மறக்காமலிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. கேட்பவன் அதைக் கதையென்று அறிந்து கேட்க வேண்டும், அவ்வளவே.

மும்முறை போனவர்

அப்படிக் கேட்ட ஒருவரும் இருந்தார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இங்கிலாந்திலிருந்து ரோம் சென்ற கிரெகோரியஸ். அதே குதிரைச் சிலையை யாத்திரிகர் ஒரு பெயராலும் ஊரார் ஒரு பெயராலும் போப்பாண்டவரின் அவையினர் வேறு பெயராலும் அழைத்ததைத் தனித்தனியே குறித்துக்கொண்டார். யாத்திரிகர் கதைகளை அவர் எளிதில் ஏற்கவில்லை. பாந்தியனின் அகலத்தைத் தாமே அளந்து பார்த்தார். அத்தகையவர் ஒரு பளிங்கு வீனஸ் சிலையின் முன் மயங்கி நின்றார்! தங்கியிருந்த விடுதிக்கு அருகில் இல்லாத அச்சிலையைக் காண மும்முறை சென்றதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் கண்ட மற்றவற்றைவிட இந்த மூன்று நடைகளே எங்கள் வாக்குவாதத்தை முடித்துவைத்தன. ஆறு வேளைகளையும் வழிகாட்டிகளுக்கு ஒப்படைத்துவிட்டால், பிடித்ததை மறுபடி பார்க்க ஏழாவது வேளை எங்கிருந்து வரும்?

எங்கள் திட்டம்

வெள்ளி காலை, வழிகாட்டியுடன் நடை: புனித பேதுரு பேராலயப் பக்கமிருந்து பாந்தியன் வழியாக டிராஜன் தூண்வரை. ஐன்சீடெல்ன் சுவடியின் நடைவழி ஒன்றை ஏறத்தாழ ஒட்டியதுதான். ஊரின் திசைகள் காலுக்குப் பழகவேண்டும் என்பதால் இது முதல் நாளிலேயே. மாலை ஓய்வு.

சனி காலை, கொலோசியமும் அதையடுத்த ரோமானிய மன்றவெளியும். மன்றவெளியில் ஆசிரியரின் துணை இருந்தும் வழிகாட்டி தேவை என்று முடிவு செய்தோம். பல நூற்றாண்டுகளின் இடிபாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்குமிடத்தில், எது எதன் அடித்தளம் என்று விரல் நீட்டிச் சொல்ல அந்த மண்ணை அறிந்தவர் வேண்டும். இத்தாலியில் வழிகாட்டிகள் உரிமம் பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம். முன்பதிவுக்கு முன் நான்கு கேள்விகள் எழுதிவைத்தோம்: குழுவில் எத்தனை பேர்? உள்ளே அழைத்துச் செல்வார்களா, வெளியே நின்று விளக்குவார்களா? நுழைவுச்சீட்டு கட்டணத்தில் அடங்குமா? எத்தனை படிகள்? கடைசிக் கேள்வி முழங்காலுக்காக.

இழப்பு ஞாயிறன்று. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வத்திக்கான் அருங்காட்சியகங்கள் திறப்பதில்லை. எங்களுடையது கடைசி ஞாயிறன்று. கொலோசியத்தை விட்டுக்கொடுத்தால் சிஸ்டைன் சிற்றாலயத்தைப் பார்க்கலாம். இளையவர் இரண்டு நாட்கள் வாதாடினார். முடிவை ஆசிரியரிடம் விட்டோம். அவர் வத்திக்கான் அருங்காட்சியகங்களை அடித்துவிட்டு, ஞாயிறு காலைக்கு எதிரே 'கேப்பிடோல் குன்று' என்று எழுதினார். மைக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியம் எங்களுக்கு இல்லை. அவர் வடிவமைத்த சதுக்கம் உண்டு. குதிரைவீரன் 1538இல் இடம்பெயர்ந்தது அங்கேதான். இன்று சதுக்கத்தில் நிற்பது படி. அசல் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

அந்தக் காலைக்கு வழிகாட்டி இல்லை. ஏழில் ஒரு குன்றில் ஆசிரியர் தம் வேகத்தில் ஏறுவார். சிலையின்முன் நின்று குதிரையின் நெற்றியில் இருப்பது ஆந்தையா மயிரா என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். ஞாயிறு மாலைக்கு எதிரே தாளில் எதுவும் எழுதப்படவில்லை. அது கிரெகோரியஸின் வேளை.