பெயர் கேள்விக்குறியான கதை

பெரட்டில் கிராணியார் நம் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. எழுத்து பிசகினாலும் ஏட்டில் ஆள் இருந்தார். கணினி ஏட்டில் ஆளே மறைந்த கதையை இன்று பார்ப்போம்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று 1963-இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் அட்டவணையை வகுத்தார்கள். மொத்தம் 128 இடங்கள். பின்னர் வந்த லத்தீன்-1 அட்டவணையில் 256 இடங்கள். அவையும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கே. உலக மொழிகளுக்கான யுனிகோட் 1991-இல் தமிழுக்கும் இடம் தந்தது.

இடம் கிடைத்தும் இடர் தீரவில்லை. மைஎஸ்கியூஎல் என்பது பெயர்களைப் பதிந்து வைக்கும் பேரேடு போன்ற மென்பொருள். முன்பெல்லாம் நாம் குறிப்பாகச் சொல்லாவிட்டால் அது லத்தீன்-1 அட்டவணையையே எடுத்துக்கொள்ளும். அதில் 'முத்துசாமி' என்று தமிழில் பதிந்தால் ஏற்க மறுக்கும்; இல்லையேல் பத்துக் கேள்விக்குறிகளை எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும். மறுப்பதே மேல் என்போம். அப்போதாவது நமக்குத் தெரியவருமல்லவா?

ஐந்தெழுத்துப் பெயருக்குப் பத்து ஏன்? யுனிகோட்டில் 'ம'வுக்கு ஓர் எண், 'மு'வாக்கும் உகரக் குறிக்கு இன்னோர் எண். புள்ளிக்கும் தனி எண். 'பச்சையம்மா'வை எண்ணிப் பாருங்கள், அதுவும் பத்துதான். ஆக, ஏட்டில் முத்துசாமியும் பச்சையம்மாவும் ஒருவரே! கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க வழியும் இல்லை.

2018-இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் அம்மென்பொருள் தானாகவே யுனிகோட்டை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. தமிழுக்கு இடம் கிடைத்து அதற்குள் 27 ஆண்டுகள். பழைய ஏடுகளோ தாமாக மாறுவதில்லை. ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து மாற்றியாக வேண்டும்.