தடைப்பட்டியலும் தண்டிக்கப்படும் நல்லோரும்

காந்திகிராமத்திலிருந்து நாம் அனுப்பும் இலக்கியக் கூட்ட அழைப்பு மின்னஞ்சலும் ஒரு விசாரணையைக் கடந்தே உரியவரைச் சேர்கிறது. எரிதங்களைத் தடுக்க 1997-இல் பால் விக்ஸி தொடங்கிய பட்டியல் இவ்வழக்கத்துக்கு வழிகாட்டிற்று. பெறும் வழங்கி, அனுப்பும் வழங்கியின் ஐ.பி. முகவரியைத் தலைகீழாக அடுக்கித் தடைப்பட்டியலிடம் வினவும், 127.0.0.2 என விடை வந்தால் கதவடைப்புதான். விசாரிக்கப்படுவது முகவரியே, கடிதம் அன்று. ஆதலின் ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொள்ளும் நல்லோரும் அயலார் செய்த பிழைக்குத் தண்டனை பெறுகின்றனர்.

2003 ஆகஸ்டில், தொடர் தாக்குதலுக்குள்ளான ஒசிருசாஃப்ட் பட்டியல், மூடப்படுகையில் உலகின் எல்லா முகவரிகளையும் குற்றவாளிகளாகக் காட்டிற்று. அதை மட்டுமே நம்பிய வழங்கிகள் வந்த அஞ்சலையெல்லாம் திருப்பியனுப்பின. எனவே, அறிந்த அனுப்புநரை முதலில் அனுமதித்து, தடைப்பட்டியலின் சொல்லைத் தீர்ப்பாகக் கொள்ளாது, பல சான்றுகளுள் ஒன்றாக மதிப்பெண்ணிடுவதே முறை என்பது நம் துணிபு.