ஒட்டிய ஏடும் ஓரத்து மனிதரும்: முகலாய முரக்காக்களின் கதை

இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட தாள்களைக் கொண்ட ஓர் ஆல்பம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பூக்கள், பறவைகள், இளவரசர்கள், மகளிர், துறவியர் ஆகியோரின் ஓவியங்களும் அவற்றுக்கு இடையிடையே பாரசீக எழுத்தணிகளும் அதில் ஒட்டப்பட்டுள்ளன. ஷாஜஹானின் மூத்த மகனான தாரா ஷிக்கோ அதனைத் தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்கு 1640களில் பரிசாக அளித்தார். தம் கைப்பட எழுதிய அர்ப்பணிப்பில் அவரைத் தம் நெருங்கிய தோழி என்றே குறிப்பிட்டார். பிற்காலத்தில் அந்த ஆல்பத்தைத் தாராவுடன் தொடர்புபடுத்தும் வாசகங்களை வேண்டுமென்றே அழிக்க முயன்றிருக்கிறார்கள். ஒட்டப்பட்ட படங்கள் மட்டும் அப்படியே விடப்பட்டன.

எழுத்தை அழித்தவர்கள் படங்களை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, இத்தகைய ஏடுகள் உருவான முறையை முதலில் அறிய வேண்டும்.

பாரசீக மரபில் இவற்றுக்கு 'முரக்கா' என்று பெயர். ஒட்டுப்போடுதல் என்னும் பொருள் தரும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல் இது. கந்தல் துணிகளை இணைத்துத் தைத்த சூஃபித் துறவியரின் மேலாடைக்கும் இதே சொல் வழங்கியது. இந்தியிலும் உருதுவிலும் சிறு கடிதத்தைக் குறிக்கும் 'ருக்கா' என்பதும் இதே வேரைச் சேர்ந்ததுதான். ஏழைத் துறவியின் ஒட்டுத்துணிக்கு உரிய பெயரைப் பேரரசர்களின் விலைமதிப்பற்ற ஏடுகளும் தாங்கி நின்றன. வெவ்வேறு காலத்திலும் வெவ்வேறு ஊர்களிலும் பிறந்த துண்டுகளை ஒரே பக்கத்தில் பொருத்துவதே இக்கலையின் அடிப்படை என்பதைப் பெயரே உணர்த்திவிடுகிறது.

15ஆம் நூற்றாண்டில் தைமூரிய அரசர்களின் ஆதரவில் வளர்ந்த இம்மரபு முகலாயர் வழியாக இந்தியாவில் புது வடிவம் பெற்றது. ஜஹாங்கீர், இளவரசர் சலீமாக இருந்த காலத்திலேயே ஓவியங்களையும் எழுத்தணிகளையும் ஏடுகளாகத் தொகுப்பித்தார். ஹெராத்தில் புகழ்பெற்றுப் பின்னர் புகாராவில் பணியாற்ற நேர்ந்த மீர் அலி என்னும் எழுத்தணிக் கலைஞரின் துண்டுகள் இந்த ஏடுகளில் பெரிதும் போற்றப்பட்டன. 1580இல் ஃபதேபூர் சிக்ரிக்கு வந்த ஏசு சபைத் துறவியர் அக்பருக்குப் படங்கள் அச்சிட்ட விவிலியத் தொகுதிகளை வழங்கினர். அதன் பின்னர் ஐரோப்பிய அச்சுப்படங்களும் அரண்மனைக்குள் மிகுதியாக வந்து சேர்ந்தன. ஜஹாங்கீரின் 'குல்ஷன்' ஆல்பத்தில் அத்தகைய அச்சுப்படங்களும் முகலாய ஓவியங்களும் பாரசீக எழுத்துகளும் அருகருகே இடம்பெற்றன.

இவை அளவில் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. அவற்றை ஒரே அளவுள்ள பக்கங்களாக்குவதில்தான் கைவினைஞரின் திறமை வெளிப்பட்டது. முதலில் பல தாள்களை மாவுப்பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கெட்டியான அட்டை செய்வார்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. இவ்வட்டைக்கு 'வஸ்லி' என்று பெயர். இணைதல் எனப் பொருள்படும் 'வஸ்ல்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது. காதலர் கூடுவதைக் குறிக்க உருதுக் கவிஞர்கள் கையாளும் சொல்லும் இதுவே.

ஓவியத்தை வஸ்லியின் நடுவில் ஒட்டிய பிறகு அதைச் சுற்றிக் கவிதை வரிகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒட்டுவது உண்டு. அவ்வரிகளுக்கும் நடுவிலுள்ள படத்துக்கும் பல இடங்களில் பொருள் தொடர்பே இராது. துண்டுகள் சந்திக்கும் இடங்களைப் பொன்னாலும் வண்ணங்களாலும் இழுத்த கோடுகள் மூடிவிடும். வெறும் அழகுக்காக இழுக்கப்பட்டவையாகத் தோன்றும் அந்தக் கோடுகளுக்கு ஒட்டு தெரியாமல் மறைக்கும் வேலையும் இருந்தது. இறுதியாக, அகன்ற ஓரப்பகுதியில் பூக்களும் கொடிகளும் மனித உருவங்களும் தீட்டப்பட்டன. தாள் முழுவதும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றப்பட்டது.

இந்த ஓரப்பகுதியின் பெயர் 'ஹாஷியா'. இன்றைய இந்தியில் விளிம்புநிலை மக்களைக் குறிப்பிட இச்சொல்லையே ஆள்கிறார்கள். முகலாய ஏடுகளைப் பொறுத்தவரை அந்தப் பொருள் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. பக்கத்தின் நடுவில் அரசரும் பிரபுக்களும் புகழ்பெற்ற எழுத்தணிக் கலைஞரின் வரிகளும் அமர்ந்திருக்க, ஓரத்தில் உழைப்பவர்கள் இடம்பெற்றார்கள். வாஷிங்டனில் உள்ள ஃப்ரீர் கலைக்கூடத்தில் ஜஹாங்கீர் காலத்து ஆல்பத் தாள் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் தாளை மெருகேற்றுபவர், ஏட்டைத் தைப்பவர், விளிம்பைச் சீராக வெட்டுபவர், எழுதுபவர் என நூலாக்கத்தின் பல நிலைகளில் ஈடுபட்டோர் தீட்டப்பட்டுள்ளனர். குல்ஷன் ஆல்பத்தின் ஓரங்களில் தௌலத் என்னும் ஓவியர் மனோகர், அபுல் ஹசன், பிஷன்தாஸ், கோவர்தன் ஆகிய சக ஓவியர்களின் உருவங்களை வரைந்துவைத்தார். ஷாஜஹான் காலத்தில் ஓர உருவங்கள் நடுப்படத்தோடு பொருள் தொடர்பு கொள்ளத் தொடங்கின. படைத்தலைவர் ஒருவரின் உருவப்படத்தைச் சுற்றி ஆயுதம் ஏந்திய வீரர்கள் நிற்பார்கள்.

ஆகவே ஓரத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நடுவில் எதை ஒட்டுவது என்பதைப் பேரரசரின் விருப்பம் தீர்மானித்தது. அந்த ஏட்டை உருவாக்கியவர்கள் யார், எப்படி உருவாக்கினார்கள் என்பதற்கான சான்று பெரும்பாலும் ஓரத்தில்தான் தங்கியிருக்கிறது.

அச்சான்றை இழப்பதும் எளிதாகவே நடந்தது. 1739இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடியபோது குல்ஷன் ஆல்பமும் ஈரானுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதன் பெரும்பகுதி இன்று தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனையில் உள்ளது. 1860-61இல் பிரஷ்யத் தூதுக் குழுவுடன் தெஹ்ரான் சென்ற ஹைன்ரிஷ் புருக்ஷ் வாங்கிய தாள்கள் பெர்லினில் உள்ளன. ஷாஜஹானின் ஆல்பங்களும் வணிகர்களின் கைகளில் தனித்தனித் தாள்களாகச் சிதறின. இன்று கெவோர்கியன் ஆல்பம் என்று வழங்கும் தொகுதியின் 50 தாள்களில் 41 நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் 9 ஃப்ரீர் கலைக்கூடத்திலும் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் மூலத் தாள்களோடு 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட நகல்களும் அதில் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிவதற்கு அறிஞர்கள் நடுப்படத்தோடு ஓர அலங்காரத்தையும் ஆராய வேண்டியிருந்தது. ஆயினும் முகலாய ஓவியங்களை வெளியிடும் நூல்கள் பல, ஓரத்தை நறுக்கிவிட்டு நடுப்படத்தை மட்டுமே அச்சிட்டு வந்தன. வணிகர்கள் கத்தியால் செய்ததையே அந்நூல்கள் அச்சில் செய்தன.

ஓர் ஏடு சிதறும்போது மற்றோர் இழப்பும் நேர்கிறது. ஆல்பத்தைத் திறந்தால் இரண்டு ஓவியங்கள் எதிரெதிரே இருக்கும். அடுத்த திறப்பில் இரண்டு எழுத்தணிகள் எதிரெதிரே இருக்கும். எந்தப் படம் எந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தொகுத்தவர் எண்ணிப்பார்த்தே ஒட்டினார். தாளைத் தனியே பிரித்து விற்றவுடன் அந்த எண்ணம் மறைந்துபோகிறது.

தாராவின் ஆல்பம் அந்த விதியிலிருந்து பெரும்பாலும் தப்பியது. வாரிசுரிமைப் போரில் தோற்று ஓடிய வழியில், 1659இல் நாதிரா பானு பேகம் நோயுற்று இறந்தார். அவர் உடலைத் தாரா லாகூருக்கு அனுப்பினார். சூஃபி ஞானி மியான் மீரின் அடக்கத்தலத்துக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் தாரா தில்லியில் கொல்லப்பட்டார். அவர்களுடைய ஆல்பம் அரசு நூலகத்துக்குச் சென்றது. வென்றவர்களின் நூலகத்தில் தோற்றவரின் பெயர் உறுத்தலாக இருந்திருக்கலாம். பூவும் பறவையும் எவரையும் உறுத்தியிருக்க மாட்டா.

அழித்தவர்கள் நினைத்தது முழுமையாக நிறைவேறவில்லை. அர்ப்பணிப்பை அறிஞர்களால் வாசிக்க முடிந்தது. எழுத்தில் தேடினால் மட்டுமே இருவரின் உறவு கிடைக்கும் என்பதும் இல்லை. பூவுக்கு எதிரே பூ, பறவைக்கு எதிரே பறவை, இளைஞனுக்கு எதிரே இளம்பெண் என இணை இணையாக ஒட்டப்பட்ட அந்தப் பக்கங்கள் பிரிக்கப்படாமல் இன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.