காதை வரிசையும் குளிர்த்தி நாளும்

குருமண்வெளித் துறையில் மட்டக்களப்பு வாவியைக் கடந்தால் மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று பேர்பெற்ற முருகன் கோயிலால் அறியப்பட்ட ஊர். வித்துவான் வி. சீ. கந்தையாவின் ஊரும் அதுவே. 1964 இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதிய அவர், கண்ணகி கோயில்களில் ஏட்டிலிருந்து படிக்கப்பட்டு வந்த ‘கண்ணகி வழக்குரை’யை 1968 இல் அச்சேற்றினார். காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கம் வெளியிட்டது. அந்தப் பதிப்பு வந்த நாள் முதல் அதைச் சிலப்பதிகாரத்தின் பக்கத்தில் வைத்து, எங்கே கூடிற்று, எங்கே குறைந்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் வழக்குரை தேய்ந்துபோன பிரதியாகத்தான் தெரியும். ஆனால் அதன் காதைகள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால், இளங்கோவடிகளுக்கு இல்லாத ஒரு தேவையை நிறைவேற்றவே அந்த அடுக்கு அமைந்தது என்பது விளங்கும். வைகாசியில் கோயில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியில் முடியும் சடங்கே அந்தத் தேவை.

முதலில் தொடக்கத்தையும் முடிவையும் பார்ப்போம். சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்டது. புகாரில் திருமண மங்கலத்தோடு தொடங்கி, சேரன் செங்குட்டுவன் கல் எடுத்துக் கோயில் அமைத்த பின் வரந்தரு காதையில் நிறைவுறும். வழக்குரையோ வரம்பெறு காதையில் தொடங்குகிறது. பாண்டியனின் சோலையில் மாங்கனியாகத் தோன்றி, நாட்டுக்கு ஆகாதவள் என்று பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வீட்டில் வளர்பவள் இந்தக் கண்ணகி. ஆகவே மதுரைக்கு அவள் போவது கணவனோடு பிழைக்கப் போகிற போக்கு மட்டுமன்று. தன்னைத் தள்ளிய ஊருக்குத் திரும்புகிற போக்கு. முடிவிலோ வஞ்சிக் காண்டமே இல்லை. வழக்குரைத்த காதைக்குப் பின் குளிர்ச்சிக் காதை வந்து அம்மனின் வெம்மையை ஆற்றுகிறது, அத்தோடு சரி. இலங்கை வேந்தன் கயவாகுவின் பெயர் வஞ்சிக் காண்டத்தில் வருகிறது. இலங்கைத் தமிழர் தங்கள் நாட்டு மன்னன் வருகிற பகுதியையே வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள் என்றால், அதை மறதி என்று சொல்ல முடியாது. வெயிலும் அம்மை நோயும் ஊரை வாட்டும் காலத்தில் கூடியிருப்போருக்கு வேண்டியது அம்மன் குளிர்வதுதான். சேரன் இமயம் போன செய்தி அன்று.

இனி நடுப்பகுதி. கலியாணக் காதைக்கு முன்னால் கப்பல் வைத்த காதையும் கடலோட்டு காதையும் நிற்கின்றன. கண்ணகியின் சிலம்புக்குப் பரல் வேண்டும், நாகமணி கொண்டுவர மீகாமன் கப்பலேறுகிறான், வழியில் வெடியரசன் மறிக்கிறான், கடற்போர் நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. கடலோடிகளை மகிழ்விக்கப் பின்னால் யாரோ சேர்த்த கதை, எடுத்துவிட்டால் நூல் செறிவாகும் என்று சொல்வோர் உண்டு. கடலோர மக்கள் இதை விரும்பிக் கேட்டிருப்பார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் யாழ்ப்பாணப் பக்கத்துக் கோவலனார் கதையிலும் இந்தக் கடலோட்டு வருகிறது. ஒரு கோயில் ஏட்டில் ஒருவர் செருகியது என்றால் இப்படிப் பரவியிருக்காது. அதைவிட வலுவான காரணம் வழக்கிலேயே இருக்கிறது. பாண்டியன் அவையில் தீர்ப்பை மாற்றுவது சிலம்பை உடைத்ததும் தெறிக்கிற பரல். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்தப் பரல் எங்கிருந்து, யார் கையால், எத்தனை உயிர் கொடுத்து வந்தது என்பதைக் கேட்டவர்களுக்கு அது உடையும்போது சாட்சி சொல்லப்படுவது போல இருக்கும். பொருள் வந்த வழி முதலில், அது கைமாறிய கலியாணம் அடுத்து, விற்கப் போனதும் கொலையும் அதன்பின், வழக்கு கடைசியில். இது செருகல் அல்ல, வழக்கின் அடித்தளம்.

கதை நடந்த முறைப்படிதானே காதைகள் வருகின்றன, இதில் சடங்குக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கதைமுறை உண்டுதான். ஆனால் சடங்கின் தறிகள் எங்கே நடப்பட்டிருக்கின்றன என்று கவனிக்க வேண்டும். ஆண்டு முழுதும் சாத்தியிருக்கும் கதவு வைகாசியில் திறக்கிறது. பூசகரான கட்டாடியார் முன்னிற்கக் கலியாணக்கால் நடப்படும் நாளில் படிக்கப்படுவது கலியாணக் காதை. வழக்குரைத்த காதை முடிந்து குளிர்ச்சி பாடும்போது அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கிறது. கோயிலுக்குக் கோயில் நாள்கணக்கு வேறுபடுகிறதே, பின் எப்படி வரிசை சடங்கோடு பொருந்தும் என்பது இன்னொரு கேள்வி. கதவு திறத்தல், கலியாணக்கால், குளிர்த்தி ஆகிய மூன்றும் இடம் மாறுவதில்லை. இடையில் உள்ள படிப்பு நாளுக்கேற்ப நெருங்கும் அல்லது விரியும்.

கண்ணகியைப் பத்தினியாகப் போற்றும் சிங்களவரின் வழிபாட்டோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூலில் ஆராயும் கம்மடுவச் சடங்கில் ‘பந்திஸ் கோல்முறை’ என்ற முப்பத்தைந்து பாட்டுத் தொகுதிகள் உள்ளன. அங்கே சடங்கின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் பாட்டு. கதை அவற்றில் ஒரு பகுதி. மட்டக்களப்பில் கதையையே சடங்காக அடுக்கினார்கள். சொல்லைவிடச் செயலின் வரிசைக்கு மதிப்புத் தருவது இப்பகுதியின் பழைய இயல்பு. மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் பூசை செய்வதும் இதை ஒத்ததே. கந்தையா காதைகளை வெட்டித் திருத்தாமல் ஏட்டு வரிசையிலேயே அச்சிட்டது அதனால்தான் பெரிய தொண்டு.

இன்று வழக்குரையை ஒலிப்பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் வழக்குரைத்த காதையை மட்டும், அது உருக்கமானது என்பதற்காக, எடுத்து வைக்கிறார்கள். கடலோட்டு இல்லாமல் அந்தப் பரலுக்குப் பொருள் இல்லை. ஏட்டைப் பார்த்துப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, எந்த நாளில் எந்தக் காதை என்ற குறிப்போடு, கதவு திறத்தல் முதல் குளிர்த்தி வரை முழுதாகப் பதிவுசெய்ய ஒவ்வொரு கோயில் நிருவாகமும் முன்வர வேண்டும்.