துருவத்து ஊசியும் பொதிகைச் சிகரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு காந்த ஊசியை, வழக்கமான திசைகாட்டியைப்போல் பக்கவாட்டில் சுழலவிடாமல், மேலும் கீழும் சாயும்படி அச்சில் பொருத்தி வைத்தால், அது கிடைமட்டத்திலிருந்து சில பாகைகள் மட்டுமே தலைதாழ்ந்து நிற்கும். அதே ஊசியைச் சென்னைக்குக் கொண்டுசென்றால் அந்தத் தாழ்வு ஏறத்தாழ 14 பாகையாகும். மேலும் வடக்கே போகப்போகச் சரிந்துகொண்டே வந்து, வட காந்தத் துருவத்தில் தலைகீழாகச் செங்குத்தாய் நிற்கும். இத்தாழ்வைக் காந்தச் சரிவு என்றும், சரிவு சற்றும் இல்லாமல் ஊசி மட்டமாகக் கிடக்கும் இடங்களை இணைத்து உலகைச் சுற்றி வரையப்படும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்றும் அறிவியலார் குறிப்பர். நில நடுக்கோட்டோடு ஒத்துப்போகாமல் வளைந்து செல்லும் இக்கோடு, இந்தியாவில் தென்கோடியை ஒட்டியே செல்கிறது. துருவப் பயணங்களின் வரலாறு பனிச்சறுக்கு வண்டி, நாய்கள், பசி, மரணம் ஆகியவற்றின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டிருப்பினும், துருவத்தை அளக்க முயன்றவர்களுக்கு நடுக்கோட்டின் அளவைகளும் தேவைப்பட்டன. அதனால் அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கு முனையில் நிகழ்ந்தது.

இத்தேவை கடலோடிகளிடமிருந்து பிறந்தது. திசைகாட்டி உண்மையான வடக்கைக் காட்டாமல் கிழக்கிலோ மேற்கிலோ விலகிநிற்கும் கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். சோழமண்டலக் கரையில் இது மிகச் சிறியது. ஆகவே இக்கரையை ஒட்டி ஓடிய கலங்களுக்கு அது பெரும் தொல்லையாக இருந்ததில்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையிலோ நிலைமை வேறு. 1500ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துக்கீசியர் அங்கு வந்தபோது ஊசி ஏறத்தாழ நேர் வடக்கையே காட்டியது. 1840களில் அது 30 பாகையை நெருங்கும் அளவுக்கு மேற்கே விலகிவிட்டிருந்தது. இடத்துக்கு இடம் மட்டுமன்றிக் காலத்துக்குக் காலமும் மாறும் பிழையைக் கடல்வரைபடத்தில் ஒருமுறை பொறித்துவிட்டு ஓய்ந்திருக்க முடியாது. 1698க்கும் 1700க்கும் இடையில் வானியலார் எட்மண்ட் ஹாலி ‘பாரமூர்’ என்னும் சிறு கப்பலில் அட்லாண்டிக்கில் அலைந்து அளந்ததும், அதைக்கொண்டு ஒதுக்க வரைபடம் வெளியிட்டதும் இக்காரணம் பற்றியே.

1831 ஜூன் 1 அன்று கனடாவின் வடகோடியிலுள்ள பூத்தியா தீபகற்பத்தில் பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தம் சரிவு ஊசி 89 பாகை 59 கலை காட்டுவதைக் கண்டார். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், செங்குத்துக்கு ஒரே கலைதான் குறைவு. வட காந்தத் துருவம் கண்டறியப்பட்டுவிட்டது. சில ஆண்டுகளுக்குப்பின் ஜெர்மானியக் கணிதவியலார் கார்ல் பிரீட்ரிக் கவுஸ், பூமியின் மேற்பரப்பில் பரவலாகச் செய்யப்பட்ட அளவைகளிலிருந்தே காந்தப்புலம் முழுவதையும் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டி, எவரும் எட்டிப்பாராத தென் காந்தத் துருவத்தின் இடத்தையும் கணித்தார். துருவங்களில் மட்டும் அளந்தால் இக்கணக்கு தேறாது. புலம் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் வெப்பமண்டல அளவைகளும் அதற்கு வேண்டும்.

இதை ஒட்டியே பிரிட்டன் 1839இல் இரட்டை முயற்சியில் இறங்கியது. ராஸ் ‘எரிபஸ்’, ‘டெரர்’ என்னும் இரு கப்பல்களுடன் தென்கடலுக்குச் சென்றார். அதே வேளையில் டொராண்டோ, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை, ஹோபார்ட் ஆகிய இடங்களில் காந்த ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்காகச் சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய ஊர்களை ஏற்றது. சிங்கப்பூர்க் கூடத்தை நடத்திய எலியட், சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். முன்கூட்டியே குறித்த நாட்களில் இக்கூடங்கள் யாவும் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து நேரப்படி ஒரே கணத்தில் ஊசியைப் படித்துக் குறிக்க வேண்டும். பனிக்கடலில் இருந்த ராஸின் ஆட்களும் வாய்த்தபோதெல்லாம் அவ்வாறே குறித்தனர். தந்தியும் இல்லாத காலத்தில் சென்னை நுங்கம்பாக்கத்து எழுத்தர் ஒருவரும் தென்கடல் மாலுமி ஒருவரும் ஒரே நொடிக்காகக் காத்திருந்தது, அந்நூற்றாண்டின் கடல் சாகசங்கள் பலவற்றைவிட வியப்பூட்டுவதாகும்.

ராஸ் 1841 ஜனவரியில் பனித்திடலைப் பிளந்து தெற்கே சென்று, புகை கக்கும் எரிமலையைக் கண்டு அதற்குத் தம் கப்பலான எரிபஸின் பெயரை இட்டார். ஆனால் காந்தத் துருவம் உள்நாட்டில் இருந்தது. மலைகளும் பனியும் குறுக்கிட, அவரால் அதை அடைய முடியவில்லை. அவ்விரு கப்பல்களும் 1845இல் கடலோடி பிராங்க்ளினுடன் வடக்கே போய் மறைந்தன; அவற்றின் சிதைவுகள் 2014இலும் 2016இலும்தான் கிடைத்தன.

சென்னை ஆய்வுக்கூடம் இப்பணிக்குப் புதியதன்று. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட அது, வானியல், புவியியல், கடற்பயண அறிவு ஆகிய மூன்றையும் வளர்ப்பதற்கென்றே கம்பெனியால் ஏற்கப்பட்டது. அதன் வானியலாளர் தாமஸ் கிளான்வில் டெய்லரும் திருவனந்தபுரத்து ஜான் கால்டிகாட்டும் ராஸ் புறப்படுவதற்கு முன்பே தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சென்று காந்த விசையின் திசையையும் வலிமையையும் அளந்திருந்தனர். கால்டிகாட் தொழில்முறை வானியலாளர் அல்லர். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். அவரது ஆர்வத்தைக் கண்ட மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் எழுப்பி, அவரையே அதன் தலைவராக்கினார். இசைக்காகவே நினைக்கப்படும் அம்மன்னருக்கு இதற்கும் உரிய பெருமையைத் தமிழ் வாசகர்கள் அவ்வளவாகத் தந்ததில்லை.

கால்டிகாட் 1849இல் மறைந்தபின், 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் ஸ்காட்லாந்தில் மேக்கர்ஸ்டன் காந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய அனுபவம் உடையவர். ஊசியின் அன்றாட அசைவு சமவெளியிலும் உயரத்திலும் ஒன்றுதானா என்னும் கேள்வி அவரை விடவில்லை. அதற்கு அவர் தேர்ந்த இடம் அகத்தியமலை, அதாவது தமிழர் பொதிகையெனப் போற்றும் 1,868 மீட்டர் உயரச் சிகரம். யானைகள் உலவும் அடர்காட்டையும் செங்குத்துப் பாறைகளையும் கடந்து, சிறு அதிர்ச்சிக்கும் கெட்டுவிடும் கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றி, 1855இல் உச்சியில் அவர் ஆய்வுக்கூடம் அமைத்தார். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இருபுறமும் அறையும் அவ்விடத்தில் கூரை தங்குவதே அரிது. இரும்பு ஆணி ஒன்றுகூட அருகில் இருக்கலாகாது என்பது காந்த ஆய்வின் அடிப்படை விதியாதலால், கட்டுமானச் சிக்கல் இருமடங்காகியிருக்கும். மணிதோறும் ஊசியைப் பார்த்துப் பதிந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் உதவியாளர்களே. துருவ வீரர்களின் நாட்குறிப்புகள் மறுபதிப்புகள் காண, குளிரிலும் மூடுபனியிலும் எண்களை எழுதிய இவர்களை அறிவியல் வரலாறு நினைவுகூர்வதே அரிது.

பிரௌனின் முதன்மையான முடிவு, ஊசியின் நாளுக்கு நாள் மாற்றங்கள் உள்ளூர்க் கோளாறுகள் அல்ல, உலகெங்கும் ஒரே வேளையில் தோன்றுபவை என்பதும், அவற்றுள் ஒரு பகுதி கதிரவன் தன்னைத்தானே சுற்றும் காலத்தை ஒட்டி ஏறத்தாழ 26 நாட்களுக்கு ஒருமுறை மீள்வது என்பதும் ஆகும். 1865இல் அவர் நாடு திரும்பினார். திருவனந்தபுர அளவைகளின் முதல் தொகுதி 1874இல்தான் அச்சேறியது.

அடுத்து வந்தது துருவ வீரயுகம். 1909 ஜனவரி 16 அன்று எட்ஜ்வொர்த் டேவிட், மாசன், மெக்கே ஆகியோர் ராஸால் எட்ட முடியாத தென் காந்தத் துருவப் பகுதியை நடந்தே அடைந்தனர். இந்த யுகத்தில் இந்தியாவின் பங்கு சிதறலானது. தென் துருவம் நோக்கிய ஸ்காட்டின் இறுதிப் பயணத்தின் வானிலையாளர் ஜார்ஜ் சிம்ப்சன், சிம்லாவிலிருந்த இந்திய வானிலைத் துறையிலிருந்து சென்றவர். ஸ்காட்டோடு பனியில் மடிந்த பௌவர்ஸ், இந்தியக் கடற்படைப் பணியில் இருந்தவர். அப்பயணத்துக்கு 1912இல் இந்தியாவிலிருந்து கோவேறு கழுதைகளும் அனுப்பப்பட்டன. இதே காலத்தில் கொடைக்கானலில் 1902 முதல் 1923 வரை காந்த அளவைகள் தொடர்ந்து எடுக்கப்பட்டு, 1949இல் மீண்டும் தொடங்கின.

இடையே பெரு நாட்டின் வான்காயோவில் 1922இல் நிறுவப்பட்ட ஆய்வுக்கூடம், நண்பகலில் கிடைமட்ட விசை பிற இடங்களைவிடப் பலமடங்கு உயர்வதைக் காட்டிற்று. தரைக்கு மேல் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டின் இருபுறமும் சில நூறு கிலோமீட்டர் அகலப் பட்டையாகப் பகலில் கிழக்கு நோக்கி மின்னோட்டம் பாய்வதே இதற்குக் காரணம்; இதற்கு நடுக்கோட்டு மின்தாரை எனப் பெயரிட்டவர் புவி இயற்பியலாளர் சிட்னி சாப்மன். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இப்பட்டைக்குள்ளேயே அடங்குகின்றன. துருவங்களைக் கூட்டாக ஆயும் மூன்றாவது துருவ ஆண்டு என்றே முதலில் முன்மொழியப்பட்டு, பின்னர் 1957-58இன் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டாக விரிந்த முயற்சிக்காகத் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி கிளம்பியதும் அவ்விடம் காந்த நடுக்கோட்டருகே இருந்ததாலேயே. அங்கிருந்த கடலோர மாதா கோயில் ஏவுதளத்தின் அலுவலகமானது.

1981 டிசம்பர் 6 அன்று எஸ். இசட். காசிம் தலைமையில் இந்தியக் குழுவினர் 21 பேர் ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கினர். அங்கு 1989இல் அமைந்த மைத்ரி நிலையத்தில் காந்த அளவைகளைச் செய்யும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனமே, திருநெல்வேலிக்கு அருகில், சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணாபுரத்தில் நடுக்கோட்டு ஆய்வகத்தையும் நடத்துகிறது. கதிரவனில் சீற்றம் எழும்போது துருவ வானில் உண்டாகும் மின்புலம் சில நிமிடங்களில் நடுக்கோட்டுக்குப் பரவி, அங்குள்ள மின்தாரையால் பெருக்கப்படுகிறது. அதனால் மைத்ரியில் ஊசி நடுங்கினால், இடைப்பட்ட நாடுகளில் அசைவு சிறிதாக இருக்கும் வேளையிலும், கிருஷ்ணாபுரத்துப் பகல்நேரப் பதிவுகளில் அது தெளிவான மேடாகவோ பள்ளமாகவோ தெரிகிறது.