குழித்தறியும் புல்லட்டும்

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் சாலையைப் பிடித்தால் வழியில் வருவது ஒரகடம். பட்டு நெசவு ஊரான ஐயம்பேட்டையில் குழித்தறியில் கால் மிதித்தே காலத்தை ஓட்டியவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அந்தப் பக்கம்தான் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். 2013-இல் ராயல் என்ஃபீல்டு தன் புதிய ஆலையைத் திறந்ததும் அதே ஒரகடத்தில்தான். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிறுவனம் மூடுவதா விற்பதா என்ற நிலையில் இருந்தது. நெசவாளர் கூட்டுறவுகளுக்குத் தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸும் நட்டத்தில் கிடந்து எழுந்ததுதான். பட்டைக் காப்பாற்ற நல்ல தலைமை வேண்டும் என்று நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. அந்தத் தலைமை எதில் கை வைத்தது, எதைத் தொடாமல் விட்டது என்று இந்த இரண்டு நிறுவனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

ராயல் என்ஃபீல்டின் புல்லட் நம் மண்ணில் பிறக்கத் தொடங்கியது 1955-இல், திருவொற்றியூரில். இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மறைந்த பிறகும் இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது. 2000-இல் சித்தார்த்த லால் இந்த நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 26. மாதம் 6,000 வண்டி செய்ய வசதி இருந்தது. விற்றது ஏறக்குறைய 2,000. வண்டி வாங்கியவர்களின் குறைகள் ஊரறிந்தவை: எண்ணெய் ஒழுகும், உதைத்து உதைத்துக் கால் ஓயும், மற்ற வண்டி ஓட்டிப் பழகியவருக்கு வலப்பக்கக் கியர் வசப்படாது. லால் ஜெய்ப்பூர் ஆலையை மூடினார். பின்னர் ராயல் என்ஃபீல்டின் உரிமையாளரான ஐஷர் குழுமத்தின் தலைமைக்கு வந்தபோது, பதினைந்து தொழில்களில் பதின்மூன்றைக் கைவிட்டு லாரியையும் புல்லட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார். டிராக்டர் தொழில் 2005-இல் சென்னையின் டாஃபேக்குப் போயிற்று. லாபம் தரும் தொழில்களையும் விட்டுக்கொடுத்து, தள்ளாடும் ஒன்றைப் பிடித்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆனால் என்னைக் கவர்வது அவர் விற்றவற்றைவிட, வண்டிக்குள் செய்தது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் போய் அலுமினிய இன்ஜின் வந்தது. ஒழுகல் நின்றது, பட்டனைத் தட்டினால் வண்டி கிளம்பியது, கியர் இடப்பக்கம் வந்தது. பழைய சத்தம் இல்லை என்று நெடுங்கால ரசிகர்கள் சிலர் வருந்தினார்கள். அந்தச் சத்தத்தை முடிந்தவரை காப்பாற்ற நிறுவனமும் பாடுபட்டது. வெளித்தோற்றம் மட்டும் தாத்தா காலத்தது. டேங்கின் மேல் ஓடும் தங்கநிறக் கோடுகளை ஒரு குடும்பத்தார் கையாலேயே வரைந்து வந்தார்கள். அந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றவில்லை. 2009-ஐ ஒட்டி வந்த கிளாசிக் என்ற மாடல், இந்தப் புது உள்ளும் பழைய புறமும் சேர்ந்த வண்டி. 2014-இல் ஆண்டு விற்பனை மூன்று லட்சத்தைத் தாண்டியது. 2024-25-இல் பத்து லட்சத்தை.

இப்போது கோ-ஆப்டெக்ஸ். 1935-இல் தொடங்கிய இந்த அமைப்பு தானாக நெய்வதில்லை. ஊர்ச் சங்கங்களில் நெய்ததை வாங்கி விற்கிறது. ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. லாலால் இன்ஜின் பூட்டும் இடத்துக்கே போய் நிற்க முடிந்தது. கோ-ஆப்டெக்ஸ் நிர்வாக இயக்குநருக்கும் தறிக்கும் நடுவே சங்கம், கொள்முதல், கிடங்கு, ஷோரூம் என்று நாலு வாசல்கள். 2012-இல் அந்தப் பதவிக்கு வந்த உ. சகாயம், முதல் வாசலிலிருந்து கடைசி வாசல் வரை நெசவாளரின் முகத்தைக் கொண்டுபோனார். பட்டுப்புடவையோடு அதை நெய்தவரின் படமும் விவரமும் உள்ள அட்டை சேர்ந்தது. கோர்வை முறையில் புடவையின் உடலையும் கரையையும் பிணைத்து, பிட்னி போட்டு முந்தியை இணைத்தவர் யார் என்று வாங்குகிறவருக்கு முதன்முறையாகத் தெரிந்தது. வேட்டி தினம் என்று இளைஞர்களைக் கடைக்கு அழைத்தார். நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியது.

2014-இல் அவர் மாற்றப்பட்டார். புல்லட்டின் உள்ளே கைவைத்தவருக்குப் பல்லாண்டு கிடைத்தது. இவருக்கு இரண்டாண்டு சொச்சம். பின்னால் வந்தவர்களும் உழைத்தார்கள், பழைய வடிவங்கள் மீண்டன. ஆனாலும் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறுவதற்குள் மேஸ்திரி மாறினால் தறி என்ன ஆகும் என்று நெசவாளருக்குத் தெரியும்.

இதைவிட ஆழமான வித்தியாசம் ஜரிகையில் இருக்கிறது. காஞ்சிப் பட்டின் ஜரிகையில் ஒரு காலத்தில் வெள்ளி 57 சதவீதம். வெள்ளி விலை ஏற ஏற அது 40 ஆகக் குறைந்தது. குறைந்த இடத்தைத் தாமிரம் பிடித்தது. பட்டு நூல் 24 சதவீதம், தங்கம் ஏறக்குறைய அரை சதவீதம். இது அரசே ஏற்றுக்கொண்ட அளவு. வெளியில் விற்கும் போலி ஜரிகையில் இதுவும் இல்லை. நெருக்கடி வந்தபோது புல்லட்டின் உள்ளே தரம் கூடியது, வெளியே மாறவில்லை. பட்டும் வெளியே மாறவில்லை, உள்ளே குறைந்தது. பழைய ஜரிகைப் புடவையை உரசி, எடைபோட்டு வாங்குகிறவர் இந்த வித்தியாசத்தை விரல் நுனியில் வைத்திருக்கிறார். மணப்பெண்ணின் அம்மாவுக்கு அது தெரிவதில்லை.

வெள்ளியைக் கூட்டினால் புடவை விலை எட்டாமல் போகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் புல்லட்டும் மலிவு வண்டியாக மாறி மீளவில்லை. எண்ணிக்கைக்கு விசைத்தறியோடு ஓடினால் கைத்தறி தோற்கும். 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடு காஞ்சிபுரம் என்ற பெயருக்குச் சட்டக் காவல் தந்தது. ஜரிகைக்கும் அதே கண்டிப்பு வேண்டும், அதற்கு ஆகும் விலையை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

லால் மூடிய ஆலை கண்ணுக்குத் தெரிந்தது. ஐயம்பேட்டையில் ஒரு தறி நின்றால் அது யார் கணக்கிலும் விழுவதில்லை. குழியை மூடிச் சிமெண்ட் பூசி, அதன்மேல் கட்டில் போட்டுவிடுவார்கள். அதனால் சகாயம் தொடங்கிய அட்டையை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கச் சொல்வேன். நெசவாளரின் படத்துக்குக் கீழே, இந்தப் புடவையின் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, இதை நெய்ய எத்தனை நாள், நெய்தவர் கைக்குப் போன கூலி எவ்வளவு என்று மூன்று எண்களையும் அச்சிடட்டும். மூன்றாவது எண்ணை முதலில் படிக்கப்போகிறவர் புடவை வாங்க வந்தவர் அல்ல. ஒரகடம் பஸ்ஸுக்காக விடியற்காலையில் நிற்கும் நெசவாளர் வீட்டுப் பையன்தான்.